மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும்

கேள்வி:



ஜொகூர், கூலாய் வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் நான் இருக்கிறேன். என் மகள் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். முன்பு தோட்டத்துக்குள் இருந்த பள்ளி இப்போது தாமானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மொத்த மாணவர்கள் 150க்கும் குறைவு.

சென்ற ஆண்டு எங்கள் சங்கம் சுறுசுறுப்பாகவே இயங்கியது. கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி) வைத்து வகுப்பறைகளுக்குச் சாயம் பூசினோம். பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் படங்களோடு செய்திமடலில் போட்டோம், பெற்றோரும் பாராட்டினார்கள். ஆனால் ஆண்டு இறுதியில் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியை எங்களிடம் ஒன்று சொன்னார். முதல் மூன்று ஆண்டுகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஒரு சிறு பத்தியைக்கூடத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

இந்த ஆண்டு கையில் கொஞ்சம் நிதி இருக்கிறது. வகுப்புக்கு ஸ்மார்ட் டிவி வாங்கலாம் என்கிறார்கள் சிலர். ஆறாம் ஆண்டுக்குப் பிரத்தியேக வகுப்பு வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு போய்விட்டதால் எந்தப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்றும் எங்களுக்குத் தெரிவதில்லை. பெற்றோரில் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன் கிளம்பி இரவில்தான் வருகிறார்கள். மலாய்ப் பள்ளியில் படித்த சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இந்த நிலையில் நாங்கள் எதைச் செய்வது? எங்கள் செய்திமடலில் எதைப் போடுவது?

— செயலவை உறுப்பினர் ஒருவர், கூலாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு உங்கள் சங்கத்தின் பணத்தையும் ஆள்பலத்தையும் ஒரே ஒரு வேலைக்குக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் உங்கள் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் ஒரு பக்கக் கதையைத் தடையில்லாமல் வாசித்து, அதில் என்ன நடந்தது என்று தன் சொற்களில் சொல்ல வேண்டும். விழாக்கள் நடக்கட்டும். ஆனால் சங்கத்தின் கூட்டத்திலும் கணக்கிலும் செய்திமடலிலும் முதல் இடம் வாசிப்புக்குத்தான்.

ஏன் மூன்றாம் ஆண்டு? நான்காம் ஆண்டிலிருந்து வாசிப்பு தனிப் பாடமாக இருப்பதில்லை. மற்ற எல்லாப் பாடங்களுக்கும் அதுவே வழியாகிவிடுகிறது. பிரச்சினைக் கணக்கைப் புரிந்துகொள்ளவும் அறிவியல் கேள்வியைப் பிரித்தறியவும் வாசிப்பு வேண்டும். வரலாற்றுப் பாடம் நான்காம் ஆண்டில் மலாய்மொழியில் வந்து சேர்கிறது. அந்தக் கட்டத்திலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எல்லாப் பாடங்களும் ஒரே சமயத்தில் கைநழுவுகின்றன. கணக்கில் பலவீனம் என்று நாம் நினைக்கும் பல பிள்ளைகளுக்குக் கணக்கு வரும். கேள்வியை வாசிக்கத்தான் வராது.

இதில் உங்கள் பள்ளி தனித்து நிற்கவில்லை. உலக வங்கி 2024 ஏப்ரலில் மலேசியக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 42 விழுக்காட்டு மாணவர்கள் வாசிப்பில் எதிர்பார்த்த தேர்ச்சியை எட்டவில்லை. பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் அனைத்துலக பிசா மதிப்பீட்டில் மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 2018இல் 415. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் 388. எல்லா வகைப் பள்ளிகளும் சேர்ந்த கணக்கு இது. ஆகவே வெட்கப்படவோ ஆசிரியரைக் குறை சொல்லவோ வேண்டியதில்லை. வேலையைத் தொடங்குவதுதான் தேவை.

தமிழ் எழுத்து கேட்கும் காலம்

பெற்றோர் பலர் ஒரு தவறான எண்ணத்தோடு இருக்கிறார்கள். பாலர் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலும் எழுத்தெல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பிள்ளை தானாக வாசிக்க வேண்டியதுதானே என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழை அளக்கிறார்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒழுங்கு பிள்ளையின் கண்ணுக்கும் நாவுக்கும் பழக நாளாகும்.

இந்திய மொழிகளின் எழுத்துமுறையில் குழந்தைகள் வாசிக்கக் கற்பதை ஆராய்ந்தவர்களுள் சொனாலி நாக் குறிப்பிடத்தக்கவர். கன்னடம் பயிலும் குழந்தைகளைப் பற்றி 2007இல் அவர் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் முழுவதும் கைவசமாக ஆங்கிலத்தைவிடக் கூடுதல் ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியது. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான்.

எங்கே தடுமாறுகிறார்கள் என்று கூர்ந்து பாருங்கள். கெ, கே, கை என்னும்போது உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கு, சு, து, மு, று எல்லாம் உகரம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். பிறகு ல, ள, ழ, ர, ற, ந, ண, ன. இந்த இடங்களில் நின்று நின்று போகிற பிள்ளை சோம்பேறி அல்ல. அதற்கு இன்னும் பயிற்சி வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் முந்தின சொல் மறந்துபோகிறது. வரி முடிவதற்குள் பொருள் போய்விடுகிறது. வேகம் வந்தால்தான் பொருள் தங்கும். அந்த வேகம் உரக்க வாசித்து வாசித்துத்தான் வரும்.

வகுப்பில் அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? 25 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் உரக்க வாசித்தாலே 50 நிமிடம் போய்விடும். ஒரு மணி நேரப் பாடத்தில் ஆசிரியர் வேறெதுவும் கற்பிக்க முடியாது. ஆகவே வாசிப்பதைக் கேட்கும் காதுகள் வகுப்பறைக்கு வெளியேயும் வேண்டும். உங்கள் சங்கம் அங்கேதான் தேவைப்படுகிறது.

யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை எப்படி அறிவது?

யுபிஎஸ்ஆர் 1988இல் தொடங்கியது. பெருந்தொற்றால் 2020இல் நடக்கவில்லை, 2021இல் அகற்றப்பட்டது. அது போய்விட்டதே என்று வருந்துகிறோம். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையை அது நமக்குக் காட்டியது ஆறாம் ஆண்டில். அப்போது தெரிந்து என்ன பயன்? உங்களுக்குத் தேவையானது இரண்டாம் ஆண்டிலேயே தெரிய வேண்டிய செய்தி.

இப்போது நடப்பில் இருப்பது வகுப்புசார் மதிப்பீடு. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் அடைவுநிலையை ஆசிரியர் 1 முதல் 6 வரை குறிக்கிறார்.  பல பெற்றோர் அந்த மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தமிழ்மொழியில் 1 அல்லது 2 என்று இருந்தால், “வாசிப்பில் என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது?” என்று ஆசிரியரை நேரில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிலுக்கு ஆசிரியர் என்ன உதவி எதிர்பார்க்கிறார் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அதோடு ஓர் எளிய வாசிப்புச் சோதனையும் வைக்கலாம். இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முன்முயற்சியில் 2005இலிருந்து ‘ஏசர்’ என்ற கணக்கெடுப்பு நடந்துவருகிறது. தன்னார்வலர்கள் கிராமம் கிராமமாகப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரே ஒரு தாளைக் காட்டுகிறார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை. எதுவரை பிள்ளை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

உங்கள் பள்ளியில் முதல் மூன்று ஆண்டுகளில் 60 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 5 மணி நேரம். இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்தால் ஒரு வாரத்தில், பாடம் கெடாமல் முடித்துவிடலாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை செய்யுங்கள். 150 பேருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாம் அதைக் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆயிரம் பேர் படிக்கும் நகரப் பள்ளியால் எளிதில் செய்ய முடியாததை உங்கள் பள்ளியால் செய்ய முடியும். எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அறிந்து, ஒவ்வொருவர் வாசிப்பையும் தனித்தனியே கேட்க முடியும்.

ஓர் எச்சரிக்கை. இவற்றைச் சங்கம் தன்னிச்சையாகச் செய்யக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கான 1998ஆம் ஆண்டு விதிமுறைகள், பள்ளி நிர்வாகத்தில் சங்கம் தலையிடுவதற்கு இடம் தருவதில்லை. சோதனையைத் தலைமையாசிரியர் ஏற்க வேண்டும். ஆசிரியர்கள் நடத்த வேண்டும். தாள் அச்சிடுவது, சோதனை நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பிறகு வாசிப்பைக் கேட்க ஆள் தருவது ஆகியவை சங்கத்தின் பங்கு.

சோதித்த பிறகு

சோதனை முடிந்ததும் பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிக்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிரித்து, நாளுக்கு அரை மணி நேரமாவது அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுக்க வேண்டும். எழுத்தில் நிற்பவர்கள் ஒரு குழு, சொல்லில் நிற்பவர்கள் ஒரு குழு, பத்தியில் நிற்பவர்கள் ஒரு குழு. பிரதம் இம்முறையைப் பல மாநிலங்களில் நடத்தியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலான பொருளியலாளர்கள் இதைப் பலமுறை கட்டுப்பாட்டுச் சோதனைகளால் ஆராய்ந்து, பலன் தருவதை உறுதிப்படுத்தினார்கள். இத்தகைய ஆய்வுமுறைக்காகவே மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து அவர்கள் இருவரும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தமிழ்நாட்டு அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்டி, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது இலக்கு. அங்கே குழுக்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். பின்தங்கியவன் என்ற முத்திரை எந்தப் பிள்ளைமீதும் விழாத பெயர்கள். உங்கள் ஆசிரியர்களும் இப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுக்களை மாற்றி அமைக்க மறக்கக் கூடாது. ஒரு குழுவில் போட்ட பிள்ளையை ஆண்டு முழுவதும் அங்கேயே விட்டுவைத்தால் குழுவே முத்திரையாகிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு பிள்ளை அசையாமல் நின்றால், முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை ஏழு வயதுப் பிள்ளை தானாகச் சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் எழுத்துகள் பிடிபடவில்லை என்றால், வாசிப்புக் குறைபாடு உண்டா என்று மருத்துவமனை வழியாக அறியலாம். அந்தப் பெற்றோருக்கு உறவினரின் கேள்விகளைவிட உங்கள் துணைதான் அப்போது தேவை.

சிங்கப்பூர் போய்வரும் வீட்டில் பத்து நிமிடம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்தப் பகுதிதான். சிங்கப்பூருக்குப் போக 1924இல் திறக்கப்பட்ட பாலமும் 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் ஜொகூர்க் குடும்பங்களின் அன்றாடத்தையே மாற்றியிருக்கின்றன. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி இரவில் களைத்து வரும் அப்பாவிடம் “பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள்” என்பது நியாயமில்லாத பேச்சு. “பத்து நிமிடம் கேளுங்கள்” என்று சொல்லலாம். அவரால் முடியும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோராலும் முடியும். இலண்டனின் ஹேரிங்கே பகுதியில் ஜேக் டிசார்டும் ஜெனி ஹியூசனும் மற்றவர்களும் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொழிலாளர் குடும்பங்களும் குடியேறியவர்களும் நிறைந்த பகுதி அது. ஆங்கிலம் சரியாகத் தெரியாத, சில வீடுகளில் எழுதப் படிக்கவே தெரியாத பெற்றோர்கள், பள்ளி கொடுத்தனுப்பிய புத்தகத்தைப் பிள்ளை வாசிக்க அருகில் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக உயர்ந்தது. பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியரைப் போட்டுச் சிறு குழுக்களாகப் பயிற்சி கொடுத்த வகுப்புகளில்கூட அவ்வளவு முன்னேற்றம் இல்லை. ஆசிரியரின் இடத்தைப் பெற்றோர் பிடிக்க வேண்டாம். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளையை வாசிக்கவைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பள்ளி கொடுத்த ஒரு பக்கத்தைப் பிள்ளை விரலால் தொட்டுக்கொண்டே உரக்க வாசிக்கட்டும். தடுமாறினால் உடனே திருத்தாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். முடித்ததும் யார் வந்தார்கள், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவரும் இவற்றைக் கேட்கலாம். அதே பக்கத்தை மூன்று நாள் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்று ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதினார். மூன்றாம் நாள் தன் வேகம் கூடியிருப்பதைப் பிள்ளையே உணரும். அந்த மகிழ்ச்சிதான் அடுத்த பக்கத்தைத் திருப்பவைக்கும்.

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம், பள்ளி ஆண்டில் 40 வாரம் என்று வைத்தால் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கும் மேல். எந்தப் பிரத்தியேக வகுப்பும் ஒரு பிள்ளையை மட்டும் உட்காரவைத்து இவ்வளவு நேரம் கேட்காது.

கேட்பவர் அம்மா அப்பாதான் என்றில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் அவரைவிட நல்ல துணை இல்லை. அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளியில் படித்த பாட்டிகள் பலருக்குத் தமிழ் வாசிப்பு நன்றாகவே வரும். பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் கேட்கலாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணனும் கேட்கலாம். யாரும் இல்லாத நாளில் பிள்ளை வாசிப்பதைக் குரல்பதிவாக்கிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அப்பாவுக்கு அனுப்பட்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது அவர் கேட்டு, “நல்லா வாசிச்சடா கண்ணா” என்று பதில் குரல் அனுப்பினால் போதும்.

இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோருக்கு ஞாயிறு ஓய்வு என்றால், அன்று பிள்ளைக்குப் பள்ளி. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாக மாறியிருக்கிறது. பல குடும்பங்களுக்கு இப்போது சேர்ந்து வீட்டில் இருக்க ஒரு முழு ஞாயிறு கிடைக்கிறது. சங்கம் நடத்தும் பெற்றோர் பட்டறையையும் கதை வாசிப்பையும் ஞாயிறு காலைக்கு வையுங்கள்.

பணத்தை எதற்குச் செலவிடுவது?

ஸ்மார்ட் டிவி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளரும் நாடுகளில் கல்விக்கான செலவில் எது பலன் தருகிறது என்று உலகளாவிய கல்விச் சான்று ஆலோசனைக் குழு 2020இலும் 2023இலும் தொகுத்து வெளியிட்டது. கற்பித்தலில் மாற்றம் இல்லாமல் கணினி, கைப்பலகை போன்ற கருவிகளை மட்டும் வாங்குவதைப் பலனற்ற செலவுகளில் வைத்தது. பிள்ளையின் நிலைக்கேற்பக் கற்பிப்பதைப் பலன் தரும் செலவுகளில் சேர்த்தது. ஆறாம் ஆண்டுப் பிரத்தியேக வகுப்பைத் தேவைப்படும் பெற்றோர் ஏற்றுக்கொள்ளட்டும். சங்கத்தின் பொதுப்பணம் சிறிய பிள்ளைகளுக்குப் போகட்டும். இங்கே வாசிப்பைச் சரிசெய்தால் ஆறாம் ஆண்டுச் சுமை தானாகவே குறையும்.

பணம் போக வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, புத்தகங்கள். வகுப்புக்கு ஒரு பெட்டி. ஒரு பக்கத்துக்கு ஒரே வரி உள்ளதிலிருந்து முழுக்கதை வரை, நிலைவாரியாக. மலேசிய எழுத்தாளர்களின் சிறுவர் நூல்களை வாங்குங்கள். நம் ஊர்ப் பெயரும் நம் வீட்டுச் சாப்பாடும் வரும் கதையைப் பிள்ளைகள் இரண்டாவது முறையும் கேட்டு வாங்குவார்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுத் தைத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, வேன். தோட்டத்திலிருந்தும் தூரத் தாமான்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகான எந்த உதவியும் எட்டாமல் போவதற்குக் காரணம் வேன் புறப்படும் நேரம்தான். வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட வேன் ஓட்டுநருக்குச் சங்கம் ஈடு கொடுத்தால், மிகவும் தேவைப்படும் பிள்ளைகளே குறைநீக்கல் பயிற்சிக்கு நிற்க முடியும்.

மூன்றாவது, காலை நேரம். பெற்றோர் சீக்கிரம் கிளம்புவதால் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே பள்ளியில் இறக்கிவிடப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். சிற்றுண்டிச்சாலையில் ஒரு பாய், ஒரு புத்தகப் பெட்டி, சுழற்சி முறையில் ஒரு பெற்றோர், ஒரு கோப்பை மைலோ. வீணாகும் அந்த அரை மணி நேரம் வாசிப்பு நேரமாகிவிடும்.

நான்காவது, கேட்க வருகிறவர்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கோயில் குழுவினர், கல்லூரி மாணவர்கள் வருவார்கள். போக்குவரத்துச் செலவும் தேநீரும் சங்கம் கொடுக்கட்டும். வேலையைத் தொடங்குமுன் ஒரு நாள் ஆசிரியரே அவர்களுக்குப் பயிற்சி தரட்டும்.

“தமிழிலேயே இவ்வளவு நேரம் போனால் மலாயும் ஆங்கிலமும் என்ன ஆவது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். ஒரு மொழியில் வாசிக்கப் பெற்ற திறன் அடுத்த மொழிக்குத் துணை நிற்கும் என்று ஜிம் கமின்ஸ் 1979இலிருந்து எழுதிவருகிறார். ஒலியைக் கூட்டிச் சொல்லாக்கவும், வாசித்ததிலிருந்து பொருள் எடுக்கவும் தமிழில் பழகிய பிள்ளைக்கு, எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கும் மலாய் விரைவில் வசப்படும். மலாயில் பலவீனமாக இருந்தால் இடைநிலைப்பள்ளிக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க நேரிடும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கும் தீர்வு வாசிப்பிலிருந்தே தொடங்குகிறது. தமிழ் வாசிப்பு நிலைத்ததும், அதே பத்து நிமிடத்தில் வாரம் இரண்டு நாளை மலாய்ப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

செய்திமடலில் எதைப் போடுவது?

விழாப் படங்கள் வரட்டும். பிள்ளைகள் தங்களைப் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் நடந்து முடிந்ததை மட்டும் சொல்லும் செய்திமடலால் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மாதம் ஒரு தாள் போதும். முதல் பக்கத்தில் இந்த மாதம் ஒவ்வொரு வகுப்பும் வாசிக்கும் பகுதி எது, வீட்டில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை என்று போடுங்கள். எத்தனை பிள்ளைகள் சொல்லிலிருந்து பத்திக்கு, பத்தியிலிருந்து கதைக்கு ஏறினார்கள் என்ற எண்ணிக்கையைப் போடுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் நிலையையும் சேர்த்து ஒருபோதும் வெளியிடாதீர்கள். அது அந்தந்தப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் உரியது. பெட்டிக்கு வந்த புதுப் புத்தகங்களின் பெயர், சங்கப் பணம் எதற்குப் போனது என்ற கணக்கு, அடுத்த மாதத்துக்குத் தேவையான ஓர் உதவி, அதற்கான நாள் ஆகியவற்றைப் போடுங்கள்.

தமிழ் வாசிக்காத பெற்றோருக்காக அதே செய்தியின் சுருக்கத்தை மலாயில் நான்கு வரி கீழே சேர்த்துவிடுங்கள். புலனக் குழுவில் ஒரு நிமிடக் குரல்செய்தியாகவும் அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வழியில் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஏறத்தாழ 70 ஜொகூரில் இருக்கின்றன. பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. தோட்டங்கள் துண்டாகி மக்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் பெயர்ந்தபோது சில பள்ளிகளும் கூடவே பெயர்ந்தன. முத்தியாரா ரினி குடியிருப்பில் நிற்கும் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாடு முழுவதும் ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிய தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இன்று 80,000 அளவுக்கு இறங்கியிருக்கிறது. “தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு” என்று ஆண்டுதோறும் பதாகை கட்டுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டாம் ஆண்டிலேயே கதைப் புத்தகம் வாசிப்பதைப் பார்க்கும் இளம் பெற்றோருக்கு வேறு பதாகை தேவைப்படாது.

ஆகவே அடுத்த செயலவைக் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தலைமையாசிரியரையும் குறைநீக்கல் ஆசிரியையையும் சந்தித்து, முதல் வாசிப்புச் சோதனைக்கு ஒரு தேதி குறித்துவிடுங்கள். இன்று இரவு உங்கள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் வாசிக்கக் கேளுங்கள்.